மார்பகப் புற்றுநோயின் அரிய வகைகள்: திருகோணமலைப் பெண்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அவர்களுள் பெரும்பாலோருக்கு வருவது பால்நாளத்தில் தொடங்கிச் சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவும் வழக்கமான வகை. வெல் வுமன் கிளினிக்குகளில் "வலியில்லாத கட்டி ஏதும் கையில் தட்டுப்படுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்" என்று சொல்லிக்கொடுப்பது அந்த வகையை மனத்தில் வைத்துத்தான். அது நல்ல அறிவுரை, அதைக் கைவிடக் கூடாது. ஆயினும் ஒரு சிலருக்கு நோய் கட்டியாக வராமல் சிவப்பாகவோ, வீக்கமாகவோ, முலைக்காம்பில் ஆறாத புண்ணாகவோ வருகிறது. வேறு சிலருக்குக் கட்டி வந்தாலும் அது வழக்கமான கட்டியைப் போல வளர்வதுமில்லை, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படுவதுமில்லை. குச்சவெளி, ஈச்சிலம்பற்று போன்ற தூரத்துப் பிரதேசங்களில் இப்படிப்பட்ட ஒருவர் முதலில் போவது பெரும்பாலும் பாமசிக்கு, அல்லது பக்கத்து டிஸ்பென்சரிக்கு. அங்கே வாங்கும் களிம்பிலும் அன்டிபயொட்டிக்கிலும் வாரங்கள் கழிந்துவிடுகின்றன. இந்நோய்களில் சிலவற்றுக்கு அந்த வாரங்கள் மிகவும் விலைமதிப்புள்ளவை.

இங்கே வலியுறுத்த வருவது ஒன்றுதான். சந்தேகமான இடத்திலிருந்து சிறு திசுத்துண்டு ஒன்றை எடுத்துச் சோதித்து, நோயின் சரியான பெயர் தெரிந்த பிறகே அறுவைக்கோ மருந்துக்கோ போக வேண்டும். அரிய வகைகளில் சிகிச்சையின் ஒழுங்கே பெயருக்கு ஏற்ப மாறுகிறது: ஒன்றுக்கு முதலில் இரசாயனச் சிகிச்சை (கீமோ), இன்னொன்றுக்கு முதலில் சத்திரசிகிச்சை, வேறொன்றுக்குச் சத்திரசிகிச்சையே வேண்டியதில்லை.

கட்டி இல்லாமல் சிவந்து வீங்கும் மார்பகம்

அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் எல்லா மார்பகப் புற்றுநோய்களிலும் 1 முதல் 5 சதவீதம் வரையே காணப்படுகிறது என்றாலும், அரிய வகைகளில் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதுவே, ஏனெனில் இது வாரக்கணக்கில் முற்றுகிறது. மார்பகத் தோலில் ஓடும் நுண்ணிய நிணநாளங்களைப் புற்றுக் கலங்கள் அடைத்துவிடுவதால், வடிந்து செல்ல வேண்டிய நிணநீர் தோலிலேயே தேங்குகிறது. அதனால் தோல் தடித்து, மயிர்க்கால்கள் குழிவிழுந்து, தோடம்பழத் தோலைப் போலத் தோன்றும். மார்பகம் மற்றதைவிடப் பாரமாகவும் சூடாகவும் இருக்கும். உள்ளாடையைக் கழற்றிய பிறகும் அதன் விளிம்பு பதிந்த தடம் நெடுநேரம் மறையாமல் நிற்கும். முலைக்காம்பு உள்ளே இழுபடலாம். புத்தகப் படங்களில் இந்நோய் பளிச்சென்ற சிவப்பாகக் காட்டப்படுகிறது. நம்முடைய நிறத்தில் அந்தச் சிவப்பு அப்படித் தெரிவதில்லை. தோல் சற்றுக் கறுத்தும் ஊதா கலந்தும் மினுமினுப்பாகவும் தெரியலாம். ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் இரண்டு மார்பகங்களையும் பக்கத்தில் பக்கமாக ஒப்பிட்டு, புறங்கையால் தொட்டுச் சூட்டையும் பார்க்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்க்கு மார்பகம் சிவந்து நோகிறதென்றால், பெரும்பாலும் அது பால் கட்டியதால் வந்த தொற்றாகவே இருக்கும். காய்ச்சலும் நடுக்கமும் கூடவே வரும். சரியான அன்டிபயொட்டிக் தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் குறையத் தொடங்கும். அதனால் முதலில் அன்டிபயொட்டிக் கொடுப்பது பிழையல்ல, அதற்குக் கெடு வைக்காமல் விடுவதுதான் பிழை. ஏழு முதல் பத்து நாட்களுக்குள் வீக்கமும் நிற மாற்றமும் முற்றாக வடியாவிட்டால், மருந்தை மாற்றி இன்னொரு சுற்று எடுப்பதற்கு முன் ஸ்கேனும் பயொப்சியும் (திசுத்துண்டு எடுத்துச் சோதித்தல்) செய்யப்பட வேண்டும். பால் கொடுக்காத பெண்ணுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, காய்ச்சலில்லாமல் இப்படி வந்தால் ஆரம்பத்திலேயே சந்தேகம் வர வேண்டும். கிளினிக்கில் இதைக் கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். "டொக்டர், மருந்து முடிஞ்சும் வீக்கம் குறையேல்ல, தோல்ல ஒரு துண்டு எடுத்துப் பாக்க ஏலுமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. மமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) கட்டி எதுவும் தெரியவில்லை என்ற அறிக்கை மட்டும் இந்த வகைக்குப் போதுமான விடையாகாது, ஏனெனில் இது திரண்ட கட்டியாக இல்லாமல் பரவலாக இருக்கும்.

நோய் உறுதியானால் சிகிச்சையின் ஒழுங்கு மாறக் கூடாது: முதலில் இரசாயனச் சிகிச்சை, பிறகு மார்பகத்தையும் அக்குள் நிணக்கணுக்களையும் அகற்றும் சத்திரசிகிச்சை, அதன் பின் கதிர்ச் சிகிச்சை. ஹெர்-2 புரதம் மிகுந்திருந்தால் ட்ராஸ்டுசுமாப் போன்ற மருந்தும், புற்றுக் கலங்களில் ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தால் ஹோர்மோன் மாத்திரையும் சேரும். "முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள், பிறகு மருந்து பார்க்கலாம்" என்று குடும்பத்தார் அவசரப்படுவது இயல்புதான். ஆனால் தோலின் நிணநாளங்களிலேயே நோய் பரந்திருக்கும்போது வெட்டினால், தையல் போடும் விளிம்பிலேயே புற்றுக் கலங்கள் எஞ்சி நிற்கும்; மருந்து முதலில் அவற்றைச் சுருக்கிய பிறகே சத்திரசிகிச்சை பயன் தரும். மார்பகத்தைக் காப்பாற்றி ஒரு பகுதியை மட்டும் அகற்றும் முறையும் இதற்குப் பொருந்தாது. கண்டுபிடிக்கும்போதே இந்நோய் குறைந்தது மூன்றாம் நிலையில் இருப்பதால், உடலின் வேறிடங்களைப் பார்க்க சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் முன்கூட்டியே எடுக்கப்படும்.

முலைக்காம்பில் ஆறாத புண்

ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பேஜட் 1874ஆம் ஆண்டில் விவரித்ததால் அவர் பெயரால் வழங்கும் இந்நோய், மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 3 சதவீதம். முலைக்காம்பில் அரிப்பும் எரிவும் தொடங்கி, செதில் உதிர்ந்து, பொருக்குக் கட்டி, அந்தப் பொருக்கு உள்ளாடைத் துணியில் ஒட்டிக்கொண்டு பிய்யும்போது சிறு இரத்தப் பொட்டு தெரியும். சில நாட்கள் ஆறியது போலிருந்து மறுபடி வரும். திருகோணமலை வெயிலில் வியர்வையால் மார்பகத்தின் அடி மடிப்பில் வரும் படை நம் பெண்களுக்குப் பழக்கமானது; அது பங்கசுக் களிம்பால் மாறிவிடும், பயப்பட வேண்டியதில்லை. எக்சிமா எனும் தோல் அழற்சி பெரும்பாலும் முலைக்காம்பைச் சுற்றிய கரிய வட்டத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் வருவதுண்டு. பேஜட் நோயோ ஒரு பக்கத்தில் மட்டும், காம்பின் நுனியிலேயே தொடங்கி வெளிநோக்கிப் பரவும். இந்த வேறுபாட்டைக் கவனிப்பது கடினமில்லை.

ஸ்டீரொயிட் களிம்பு இந்நோயிலும் சிவப்பைக் கொஞ்சம் அடக்கிக் காட்டும் என்பதுதான் ஏமாற்றத்துக்குக் காரணம். இரண்டு மூன்று வாரக் களிம்புக்குப் பிறகும் முற்றாக ஆறாவிட்டால், தோலில் சிறு வட்டத் துண்டொன்றை எடுத்துச் சோதிக்க வேண்டும். நோயாளிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மார்பகத்தின் உள்ளேயும் புற்றுநோய் இருப்பதால், இரண்டு பக்கமும் மமோகிராம் எடுக்கப்படும். அதில் தெளிவில்லாவிட்டால் எம்.ஆர்.ஐ. உதவும். நோய் காம்பின் அருகிலேயே நின்றிருந்தால் காம்பையும் கரிய வட்டத்தையும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தல் போதுமானதாக இருக்கலாம். உள்ளே பல இடங்களில் இருந்தால் முழு மார்பகத்தையும் அகற்ற வேண்டி வரும்.

வேகமாக வளரும் கட்டி

இளம் பெண்களுக்கு வரும், விரலுக்குப் பிடிபடாமல் நழுவும் ஃபைப்ரோஅடினோமாக் கட்டிகள் தீங்கற்றவை. ஆனால் அதே போல வழுவழுப்பாக இருக்கும் ஒரு கட்டி சில மாதங்களுக்குள் இரு மடங்காகினால், அல்லது 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால், அல்லது நாற்பதையொட்டிய வயதில் புதிதாகத் தோன்றி வளர்ந்தால், பைலோடிஸ் கட்டியை நினைக்க வேண்டும். இது பால்நாளத்தில் தொடங்குவதில்லை. நாளங்களைத் தாங்கி நிற்கும் இணைப்புத் திசுவில் தொடங்குகிறது. பாதிக்கு மேற்பட்டவை தீங்கற்றவை, சில இடைப்பட்டவை, ஒரு பங்கு புற்றுநோய்த் தன்மையுள்ளவை. மெல்லிய ஊசியால் நீர்போல உறிஞ்சி எடுக்கும் சோதனை இதைப் பிரித்தறியப் போதாது. தடித்த ஊசியால் திசுத்துண்டு எடுக்க வேண்டும்.

சாதாரணக் கட்டி என்று நினைத்துத் தோலைக் கீறி உருட்டி எடுத்துவிட்டால், பைலோடிஸ் அதே இடத்தில் மீண்டும் வளரும், சிலருக்கு முன்னைவிட மோசமான தன்மையோடு வளரும். அதனால் புற்றுநோய்த் தன்மையுள்ளதையும் இடைப்பட்டதையும் சுற்றிலும் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் நல்ல திசுவோடு சேர்த்து அகற்றுவது வழக்கம். இது நிணக்கணுக்களுக்குப் போவது மிக அரிது என்பதால் அக்குள் நிணக்கணுக்களை அகற்றும் சத்திரசிகிச்சை பொதுவாகத் தேவையில்லை. பரவினால் இரத்தம் வழியாக நுரையீரலுக்கே போகும் என்பதால் நெஞ்சை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். டமொக்சிஃபென் போன்ற ஹோர்மோன் மாத்திரைகளால் இதில் பயனில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஐந்து வருடம் மாத்திரை குடித்தார், எனக்கு ஏன் தரவில்லை என்ற கேள்விக்கு விடை இதுதான்.

வேகமாக வளரும் இன்னொரு வகை மெட்டாபிளாஸ்டிக் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இது, பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்றும் இல்லாத வகையாகவே இருக்கும். இரசாயனச் சிகிச்சைக்கு இசைவதும் குறைவு. ஆகவே அகற்றக்கூடிய நிலையில் இருந்தால் சத்திரசிகிச்சையை முதலில் செய்வதா என்று நிபுணர்கள் ஆராய்வார்கள். மார்பகத்தில் தொடங்கும் லிம்போமா எனும் நிணநீர்த் தொகுதிப் புற்றுநோய்க்கோ மார்பகத்தை அகற்றவே தேவையில்லை. அது மருந்தாலும் சில வேளை கதிராலும் குணப்படுத்தப்படுவது. கையில் தட்டுப்படும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பயொப்சி இல்லாமல் கத்தி எடுக்கக் கூடாது என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பயொப்சி புற்றுநோயை மட்டும் காட்டுவதில்லை. மார்பகக் காசநோயும், கிரனுலோமட்டஸ் மஸ்டைட்டிஸ் எனும் தொற்றில்லா அழற்சியும் சீழ் வழியும் ஆறாப் புண்ணாகவோ கடினமான கட்டியாகவோ வந்து புற்றுநோய் போலவே பயமுறுத்தும். இவை மருந்தால் மாறுபவை. திசுவை எடுத்துப் பார்த்ததால் மார்பகம் தப்பிய பெண்களும் உண்டு.

திசுத்துண்டும் அறிக்கையும்

"ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்" என்ற பேச்சு நம்மூரில் வலுவாக இருக்கிறது. தடித்த ஊசிப் பயொப்சி உலகெங்கும் முதற்படியாகச் செய்யப்படுகிறது. அதனால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை. விறைப்பு ஊசி போட்டபின் தோலில் சிறு கீறலிட்டு, ஊசியை உள்ளே செலுத்தும்போது "டக்" என்றொரு சத்தம் கேட்கும். அதை முன்பே சொல்லிவைத்தால் நோயாளி திடுக்கிட மாட்டார். இரத்தத்தை ஐதாக்கும் மருந்து, அஸ்பிரின் உட்பட, எடுப்பவராயின் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

மாதிரியை வெளி ஆய்வுகூடத்துக்குக் குடும்பத்தாரே கொண்டுபோக நேரிடுவதுண்டு. அப்போது துண்டு போமலினில் (திசு கெடாமல் காக்கும் திரவத்தில்) முழுவதும் அமிழ்ந்திருக்கிறதா, போத்தலின் உடலில் (மூடியில் அல்ல) பெயரும் எந்தப் பக்கம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா, படிவத்தில் வயதும் எத்தனை வாரமாக இருக்கிறது என்பதும் உள்ளனவா என்று மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். தண்ணீரிலோ சேலைனிலோ போட்டால் திசு கெட்டுவிடும். வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

அறிக்கை வந்ததும் "கேன்சரா, இல்லையா" என்ற ஒரு கேள்வியோடு மூடி வைத்துவிடாதீர்கள். புற்றுநோயின் வகை என்ன, தரம் 1, 2, 3 இல் எது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ஏற்பிகள் உண்டா, ஹெர்-2 எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். ஹெர்-2 முடிவு 0 அல்லது 1+ என்றால் அப்புரதம் மிகுந்தில்லை; 3+ என்றால் மிகுந்துள்ளது. 2+ என்றால் விடை இன்னும் வரவில்லை, ஃபிஷ் எனப்படும் இன்னொரு சோதனை பாக்கியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அரிய வகை என்று எழுதப்பட்டிருந்தால் இன்னொரு நோயியல் நிபுணரும் பார்ப்பது நல்லது. திசுவைப் பதித்த மெழுகுத் துண்டும் கண்ணாடித் தகடுகளும் ஆய்வுகூடத்தில் வைக்கப்பட்டிருக்கும் என்பதால், புதிதாக ஊசி குத்தாமலே அது முடியும்.

அரிதானது என்றால் கொடியது என்று பொருளல்ல. மியூசினஸ் வகை பெரும்பாலும் வயதான பெண்களுக்கு வருவது, மெதுவாக வளர்வது, ஹோர்மோன் மாத்திரைக்கு நன்றாக இசைவது. டியூபுலர் வகையின் போக்கு இன்னும் நல்லது. அடினொயிட் சிஸ்டிக் வகையில் மூன்று ஏற்பிகளும் இராது. ஆனாலும் அது மென்மையாகவே நடந்துகொள்வதால் பலருக்குச் சத்திரசிகிச்சையோடும் கதிரோடும் முடிந்துவிடுகிறது. மூன்றும் இல்லை என்று பொருள்படும் "ட்ரிப்பிள் நெகட்டிவ்" என்ற இரு சொற்களை மட்டும் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழும் குடும்பங்களுக்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொற்களோடு வகையின் பெயரையும் சேர்த்துப் படிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

திருகோணமலையிலிருந்து எங்கே போவது

முதல் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. பிரதேசத்தின் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வெல் வுமன் கிளினிக்குக்கு வழி சொல்வார். ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சப்படுபவர்களுக்கு இது எளிய தொடக்கம். கட்டியோ ஆறாப் புண்ணோ இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல், மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலைகளிலோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டலாம். பரிசோதனையின்போது தாதி ஒருவரோ தாயோ சகோதரியோ கூட நிற்க வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலை நாட்டின் தலைமை நிலையம். நமக்கு அதைவிடக் கிட்ட மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும், மேலும் கண்டி, தெல்லிப்பழை ஆகிய இடங்களிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன. என் கருத்தில், வழக்கமான வகைக்குக் கிட்டிய நிலையமே சிறந்தது. இடையில் நிறுத்தாமல் முடிக்கப்படும் சிகிச்சைதான் பலனளிக்கும். அரிய வகைக்கோ, சத்திரசிகிச்சை நிபுணரும் புற்றுநோய் நிபுணரும் நோயியல் நிபுணரும் சேர்ந்திருந்து ஒரு முறையாவது திட்டம் வகுக்க வேண்டும். அந்தத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, மருந்தின் எந்தச் சுற்றுகளை வீட்டுக்குக் கிட்டிய நிலையத்தில் எடுக்கலாம் என்று அங்கேயே கேளுங்கள். கதிர்ச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஆறு வாரம் வரை நீளக்கூடியது. தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால், தங்குமிடத்தையும் வீட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் திகதி கிடைக்கும் முன்பே ஒழுங்கு செய்ய வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஆனால் பயணமும் தங்குவதும் சாப்பாடும் இலவசமில்லை. பல குடும்பங்கள் பாதியில் நிற்பது அங்கேதான்.

இரசாயனச் சிகிச்சை எடுப்பவருக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் அது அவசரம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். பெனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திராதீர்கள். மகரகமவுக்கோ மட்டக்களப்புக்கோ புறப்படவும் வேண்டாம். கிட்டிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர்" என்று சொல்லி, கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும். ஒரு வெப்பமானியை வீட்டில் வாங்கி வைப்பது மிக மலிவான காப்பு.

நாட்டு வைத்தியத்தில் பற்றுப் போடுவதும் எண்ணெய் கட்டுவதும் இங்கே வழக்கம். புண்ணுள்ள தோலிலும் கதிர்பட்ட தோலிலும் எதையும் பூசக் கூடாது; குடிக்கும் கசாயமும் லேகியமும் சில புற்றுநோய் மருந்துகளோடு மோதி ஈரலைப் பாதிக்கலாம். எடுக்கத்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், மறைக்காமல் புற்றுநோய் நிபுணரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆண்களுக்கும் இந்நோய் வரும். மொத்த மார்பகப் புற்றுநோய்களில் அது ஒரு சதவீதமளவு. மீன்பிடித் தொழிலிலோ வயலிலோ சட்டையில்லாமல் நிற்கும் ஒருவருக்குக் காம்பின் அடியில் கெட்டியான, வலியில்லாத கட்டி தெரிந்தால், வெட்கப்படாமல் அதே சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்ட வேண்டும். ஆணுக்கு இந்நோய் வந்த குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.-2 மரபணு மாற்றம் இருக்க வாய்ப்புண்டு என்பதால், அவருடைய சகோதரிகளையும் மகள்மாரையும் பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். நாற்பது வயதுக்கு முன் நோய் வந்த பெண்ணின் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

சிகிச்சை முடிந்தபின் முதல் சில ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறையும், பிறகு இடைவெளி கூட்டியும் கிளினிக்குக்குப் போக வேண்டும். எஞ்சிய மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். நிணக்கணு எடுத்த பக்கத்துக் கையில் வீக்கம் தொடங்கினால் ஆரம்பத்திலேயே காட்டினால்தான் அதைக் கட்டுப்படுத்த முடியும். கதிர்ச் சிகிச்சை பெற்ற இடத்தில் பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகளுக்குப் பின், அடிபடாமலே கன்றிப்போனது போல ஊதா நிறத் திட்டுகளோ சிறு முடிச்சுகளோ தோன்றினால், அது அஞ்சியோசார்க்கோமா எனும் மிக அரிய இன்னொரு புற்றுநோயாக இருக்கக்கூடும். கதிர் பெற்றவர்களில் மிகச் சிலருக்கே அது வருகிறது. ஆனால் கிளினிக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு வருவதால், அதைக் கவனிக்க வேண்டியவர் நோயாளியும் வீட்டாருமே. அப்போதும் செய்ய வேண்டியது பழைய அறிக்கைகளையும் கதிர் கொடுத்த விபரத்தையும் எடுத்துக்கொண்டு போய்த் திசுப் பரிசோதனை கேட்பதுதான். ஆகவே அந்தக் காகிதங்களைப் பொலித்தீன் உறையிலிட்டு, அடையாள அட்டையும் காணி உறுதியும் வைக்கும் அதே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.